போகாத வண்டியின் கிளட்ச்

எங்கள் தெரு டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு எட்டு மாதத்தில் மூன்றாவது முறையாகக் கிளட்ச் போனது. போன நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது என் அண்ணி என்பதால் செய்தி முதலில் என்னிடம்தான் வந்தது. பொதுவாகவே செய்திகள் என்னிடம் முதலில் வந்துவிடுகின்றன. என் தையல் மெஷின் மாடி ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. வெளிச்சத்துக்காகத்தான். ஜன்னலுக்கு நேர் எதிரே டிரைவிங் ஸ்கூல் இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது?

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். "மேம்பாலத்துல பாதி தூரம் ஏறிட்டேன். எஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது. நான் மிதிக்க மிதிக்கப் பின்னாடி போகுது. பின்னால பஸ்காரன் ஹாரனை அடிச்சே கொல்றான். கருகின நாத்தம் வேற."

"வாத்தியார் திட்டினாரா?"

"அதான் எனக்கும் புரியல. திட்டவே இல்ல. அவர் பக்கத்து பிரேக்கை மிதிச்சு நிறுத்தினார். 'போச்சு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு உக்கார்ந்துட்டார்."

திட்டாமல் உட்கார்ந்தார் என்றதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த மனிதர் திட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாக அந்த ஸ்கூலில் வாத்தியார். வண்டி தெரு முனை திரும்பும் முன்பே "அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச்" என்ற குரல் கேட்கும். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே அரைக் கிளட்ச். கற்றுக்கொள்கிறவர்களுக்கு எதிரே மூன்று மிதி இருப்பதுபோல் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். நாம் சொதப்பினால் அவர் மிதித்துக் காப்பாற்றுவார், அப்புறம் திட்டுவார். அதுதான் முறை.

இரண்டாவது கிளட்ச் போனபோதே முதலாளியம்மா அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியை ஆணியில மாட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போயிடலாம் வாத்தியாரே."

முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் போய் மூன்று வருடம். ஸ்கூல் அவர் ஆரம்பித்தது. முன்பக்கம் ஆபீஸ், நடுவில் வீடு, பின்னால் மதில் சூழ்ந்த முற்றம், வண்டி நிற்க. அம்மா ஆபீஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலை நடத்துகிறார். எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர். எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எல்லாம் நீல மையில் இருக்கும். எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அதைப் பார்த்தாலே பயம் வரும்.

அந்த ரிஜிஸ்டர்தான் பிரச்சினை. அதன்படி வண்டி ஓடியது கொஞ்சம். கிளட்ச் தேய்ந்ததோ நிறைய. ஆக யாரோ கணக்கில் வராமல் ஓட்டுகிறார்கள். வண்டியைத் தொடுகிறவர் ஒருவர்தானே. கிலோமீட்டர் ஏறாதபடி மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு வாத்தியார் வெளிச் சவாரி போகிறார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

இந்த இடத்தில் என் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒன்றரை மணி வாக்கில் பின் முற்றத்திலிருந்து வண்டி சத்தம் வருவது எனக்குத் தெரியும். என் ஜன்னலிலிருந்து முற்றம் தெரியாது, தகரக் கேட்டின் மேல்விளிம்புதான் தெரியும். உர்ர் என்று உறுமும், நிற்கும். மறுபடி உறுமும். அரைமணி நேரம். அது சாப்பாட்டு வேளை. வாத்தியார் ஒரு மணிக்குச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு டிபன் பையோடு தெருவில் இறங்கிப் போவார், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அந்த வழியாகத் திரும்பி வரமாட்டார் என்று என்ன நிச்சயம்? மதியத்தில் ரகசியமாக யாருக்கோ தனி வகுப்பு நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. யாரோ என்றால் பெண்தான் என்றும் தோன்றியது. தோன்றியதை அண்ணியிடம் சொன்னேன், மருந்துக்கடைக்காரம்மாவிடம் சொன்னேன், இஸ்திரிக்காரரிடம் லேசாகச் சொன்னேன். முதலாளியம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடமே போய்ச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

கதை தெருவைச் சுற்றிக்கொண்டு கடைசியில் அம்மாவிடமும் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது அதில் "வாத்தியார் திருட்டுத்தனமாக வண்டியை எடுக்கிறார்" என்பது இருந்தது. ஒன்றரை மணி என்பது மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

மேம்பாலத்தில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டார்கள். மறுநாள் காலை வாத்தியார் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற இன்னொரு டிரைவிங் ஸ்கூலுக்கு வேலை கேட்டுப் போனார் என்று அண்ணி வந்து சொன்னாள். போன வேகத்தில் திரும்பிவிட்டாராம்.

"அந்த ஓனர் உக்காரக்கூடச் சொல்லலையாம். 'உங்க முதலாளியம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க, வண்டியைத் தெரியாம எடுத்து ஓட்டுற ஆளை வச்சுக்க முடியாது'ன்னு சொல்லிட்டாராம்."

"அடப்பாவமே," என்றேன். நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. இந்த ஊரில் இருப்பதே மூன்று ஸ்கூல். திருடன் என்று பேர் வந்துவிட்டால் ஐம்பத்திரண்டு வயதில் எவன் அவரை வண்டியில் ஏற்றுவான்? இருந்தாலும் தப்பு செய்தவர் தப்பு செய்தவர்தானே என்றும் நினைத்துக்கொண்டேன்.

அன்று பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். தெருவில் அவரை மூக்கன் என்பார்கள். எதையும் முதலில் மோந்து பார்ப்பார், பிறகுதான் ஸ்பானரை எடுப்பார். வண்டி நகராது என்பதால் சாமான்களோடு முற்றத்துக்கே வந்திருந்தார். எனக்கும் அங்கே போக வேலை இருந்தது. அந்த வண்டிக்குத் தைத்த சீட் உறை ஒன்று பத்து நாளாக என்னிடம் கிடந்தது. அதை அன்றே கொடுத்தாக வேண்டியிருந்தது.

முற்றத்தில் அம்மா ரிஜிஸ்டரை மார்போடு அணைத்தபடி நாற்காலியில் இருந்தார். வாத்தியார் மதில் ஓரமாக நின்றார். அவரை வரச்சொன்னது அம்மாதான். "அவர் முன்னாடியே பிரிச்சுப் பாருங்க. அப்புறம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது," என்றார் மெக்கானிக்கிடம்.

"உறையை அப்படி வச்சிட்டுப் போங்க டெய்லரம்மா," என்றார் என்னிடம்.

"போட்டுப் பார்த்துட்டுப் போறேன்க்கா. அளவு சரியில்லன்னா மறுபடி வரணும்."

மூக்கன் வண்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். "கிளட்ச் கருகியிருக்கு, சரி." ஸ்டார்ட் செய்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா? நல்ல கிளட்சா இருந்தா இந்நேரம் எஞ்சின் செத்திருக்கணும். இது காலை முழுசா எடுத்தும் பிடிக்கல. வழுக்குது."

"அது எனக்கும் தெரியும். எதனாலன்னு சொல்லுங்க," என்றார் அம்மா.

"கிளட்ச் கேபிள் ரொம்ப இறுக்கமா இருந்தா தேயும்." விரலால் மிதியை அழுத்தினார். "இல்ல, தளர்வு சரியா இருக்கு. ஆயில் கசிஞ்சு பிளேட்டுல பட்டாலும் வழுக்கும். கீழ காஞ்சு கிடக்கு, அதுவும் இல்ல." நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கத்துக் கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே உக்காருவீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்படி வச்சா என்ன ஆகும்?"

"சும்மா கால் பாரம் பட்டாலே போதும்மா. பிளேட் முழுசா ஒட்டாம உரசிக்கிட்டே இருக்கும். நாலு மாசம் தாங்காது."

மூக்கன் வாத்தியார் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். நான் ஏற்கெனவே பக்கத்தில்தான் இருந்தேன்.

"டெய்லரக்கா, இந்த ரெண்டு ரப்பரையும் பாருங்க."

பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. கிளட்ச் ரப்பரின் கோடுகள் வாங்கின அன்று இருந்ததுபோல் இருந்தன. அதன்மேல் தூசு வேறு.

"மனுஷன் கிளட்ச்சுல காலே வைக்கிறதில்ல," என்றார் மூக்கன்.

"என் கால் அங்க இருந்தா அவங்க எப்படிக் கத்துப்பாங்க?" வாத்தியார் முதல்முறையாகப் பேசினார். "வண்டி செத்துச் செத்துத்தான் கால் படியும். அதுக்குத்தான் கத்துறேன்."

"கத்துறதைப் பத்தி யாரும் கேக்கல," என்றார் அம்மா. "கேபிளைக் கழட்டினீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"எந்தக் கேபிளை?"

"மீட்டர் கேபிளை."

வாத்தியாருக்குக் கழுத்து சிவந்தது. மூக்கன் அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்தே குரல் வந்தது. "மீட்டர் கேபிள் நட்டு மேல வருஷக் கணக்கா அழுக்கு ஒட்டியிருக்கும்மா. இதுல ஸ்பானர் படவே இல்ல. இந்த மீட்டர் சொல்றது நிஜம்தான்."

"நிஜம்னா எப்படி?" அம்மா ரிஜிஸ்டரைப் பிரித்து நீட்டினார். "போன கிளட்ச் மாத்தினதுல இருந்து வண்டி ஓடினதே இவ்வளவுதான். இதுக்கு முந்தி என் வீட்டுக்காரர் இருந்தப்ப இதைப் போல நாலு மடங்கு ஓடும். இத்தனை பிள்ளைங்க கத்துக்கிட்டும் ஒரு கிளட்ச் ஒன்றரை வருஷம் வந்துச்சு."

"இருங்க, பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

கியர்பாக்ஸை இறக்கிப் பிளேட்டைக் கையில் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நான் உறையை மூன்று முறை மாட்டிக் கழற்றிவிட்டேன். பிளேட் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. மேலே கண்ணாடிபோல் பளபளத்தது. அது ஒட்டுகிற இரும்பில் அங்கங்கே நீலநீலமாகத் திட்டு.

மூக்கன் மோந்து பார்த்தார். அப்புறம் யோசனையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரோட்டுல போன தேய்மானம் இல்லம்மா. பாரம் ஏத்திச் சவாரி போனாலும் இப்படி வராது. ஓடுற வண்டில கிளட்ச் ஒரு தடவை ஒட்டிடுச்சுன்னா அப்புறம் தேயாது. இது ஒட்டவே விடாம, ஒட்டவே விடாம, சூடு ஏறி நீலம் பாரிச்சிருக்கு." பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துத் தரையைப் பார்த்தார். மதிலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தார். தரையில் இரண்டு தடம், விரல் ஆழத்துக்கு. வண்டி நிறுத்தி எடுக்கிற தடம் என்றுதான் நாங்கள் எல்லோரும் அதை மிதித்துக்கொண்டு நின்றோம். "பன்னெண்டு எட்டு தூரம். இங்கயிருந்து அங்க. முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி. யாரோ இந்த முற்றத்துக்குள்ளயே கிளட்சைப் பாதியில பிடிச்சுப் பிடிச்சு ஓட்டியிருக்காங்க."

இனி நான் சும்மா இருப்பது தர்மம் இல்லை என்று பட்டது. "நான் சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது," என்று ஆரம்பித்தேன். "தினம் ஒன்றரை மணிக்கு இங்க வண்டி சத்தம் கேக்குது. என் காதால கேட்டிருக்கேன். ஒன்றரையில இருந்து ரெண்டு வரைக்கும். வாத்தியார் ஒரு மணிக்குத் தெரு வழியா போவார். சந்து வழியா வந்தாரா இல்லையான்னு அவர்தான் சொல்லணும்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

"ஒன்றரைக்கு நான் உங்க வீட்டுக்காரர் கடையில இருப்பேன்மா."

என் வீட்டுக்காரர் தெருக்கோடியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டை நான்தான் கட்டிக் கொடுக்கிறேன். தனியாகச் சாப்பிடுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

மூக்கனுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? போனை எடுத்து அங்கேயே வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன், அது என் புத்தி.

"ஆமா, வாத்தியார் இங்கதான் சாப்பிடுவார். சாப்பிட்டுட்டு கவுண்டருக்குக் கீழ கொஞ்சம் சாய்வார். ரெண்டு மணிக்கு நான்தான் எழுப்பி விடுவேன். ஏன்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பேசினோம்னு கேப்ப."

போனை வைத்தேன். ஒரு மணிக்குப் பிறகு சாவி இருப்பது ஆபீஸ் ஆணியில். ஆபீஸில் இருப்பது ஒரே ஒரு ஆள். இந்தக் கணக்கை நான் போட்டு முடிக்கும் முன்பே மூக்கன் போட்டுவிட்டார் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் திடீரென்று ஸ்பானர்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மா எழுந்து வந்தார். குனிந்து அந்தப் பிளேட்டைத் தொட்டார், விரல் கருப்பானது.

"வண்டி எங்கயும் போகலையே," என்றார். யாரிடமும் இல்லாமல், நிஜமாகவே புரியாத குரலில். "கேட்டைக்கூடத் தாண்டல. இந்தத் தொட்டி வரைக்கும்தான். மீட்டர்ல ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது, தினம் பார்த்துட்டுத்தான் இறங்குவேன். போகாத வண்டி எப்படித் தேயும்?"

இரண்டு கிளட்சுக்கு வாத்தியாரைத் திட்டியபோதும், நேற்று போன் செய்தபோதும் அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரிஜிஸ்டரில் ஏறாதது நடக்கவே இல்லை என்று நம்பிய மனுஷி. மூன்று வருடமாக டிரைவிங் ஸ்கூல் முதலாளி, ஓட்டத் தெரியாது. யாரிடம் போய்க் கற்றுக்கொள்வார்? தன்னிடம் சம்பளம் வாங்குகிற ஆளிடமா? எதிர் ஜன்னலில் என்னை வைத்துக்கொண்டு தெருவிலா?

"நகர நகரத் தேயாதும்மா," என்றார் மூக்கன் மரியாதையாக. "நகர்றதுக்கு முன்னாடிதான் தேயும்."

அம்மா சாவியை எடுத்து வண்டியின் பானட் மேல் வைத்தார். "மத்தியானம் கிளாஸ் இருக்கு வாத்தியாரே. இன்னிக்கு வண்டி ஆகாது, நாளைக்கு மாத்திப் போட்டுக்கலாம்."

அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கத் தெரியாதவர்கள் வேலை கொடுத்துவிடுவார்கள்.

வாத்தியார் சாவியைத் தொடவில்லை. "காலைல மேம்பாலத்துக்காரர் என்னை நிக்க வச்சுப் பேசினார். அவரைப் பொறுத்தவரை இப்ப நான் யாரு?"

"நான் அப்புறமா பேசிக்கிறேன்."

"இப்பப் பேசுங்க. எனக்குக் கேக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. சீட் உறையின் ஒரு நாடா இன்னும் கட்டாமல் இருந்தது. அம்மா போனை எடுத்தார், ஒரு முறை கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். நான் செய்ததுபோலவே ஸ்பீக்கரில் போட்டார்.

"நேத்து நான் சொன்னது தப்பு," என்றார் நேராக. "எங்க வாத்தியார் வண்டியை எடுக்கல."

"அப்ப யாரு எடுத்தாங்களாம்?" அந்தப் பக்கத்துக் குரலுக்கு ஏக உற்சாகம்.

அம்மா கருப்பான விரலைப் புடவையில் துடைத்தபடி, "நான்தான். ஓட்டிப் பழகினேன்," என்றார்.

"என்னது, உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

"தெரியாது."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம். "அதனால என்னம்மா, நம்ம ஸ்கூல்ல வந்து சேருங்க. லேடி டீச்சர்கூட இருக்காங்க, பொறுமையா சொல்லித் தருவாங்க."

அம்மாவின் முகம் வெந்துபோயிருந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை. "வேண்டாம். எங்கிட்டயே வாத்தியார் இருக்கார்," என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இருக்கிறாரா என்று அம்மாவுக்கே தெரியாது.

வாத்தியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியிடம் போனார். மூக்கனோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்கு அடியில் கை கொடுத்தார். "தூக்குப்பா, தனியா தூக்கினா முதுகு போயிடும்." அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "சீட்டை அவ்வளவு முன்னாடி இழுத்தா முட்டி மடங்கிடும்மா. கால் பாதியிலயேதான் நிக்கும். நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. ரோட்டுலதான், முற்றத்துல இல்ல. நான் கத்துவேன்," என்றார்.

"சரி," என்றார் முதலாளியம்மா.

எனக்குச் சுருக்கென்றது. சீட்டு முன்னால் இழுத்திருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? நாடாவைக் கட்டுகிற சாக்கில் அவர் பக்கம் போய் மெதுவாகக் கேட்டேன். "அப்ப முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா வாத்தியாரே?"

"தினம் ரெண்டு மணிக்கு வந்து அந்த சீட்டைப் பின்னாடி தள்ளுறவன் நான்தானே. சந்தேகம் இருந்துச்சு." கிரீஸ் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முதலாளிக்கு வேலைக்காரன் மேல சந்தேகம் வந்தா போன்ல சொல்லலாம். எனக்கு முதலாளி மேல சந்தேகம் வந்தா நான் எங்க போய்ச் சொல்றது?"

"யார்கிட்டயுமே சொல்லலையா?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்."

உறையை அப்படியே போட்டுவிட்டு வாட்ச் கடைக்குக் கிளம்பினேன்.